நகைக்கடைக்கு டப்பா, பர்ஸ், பை: இருப்பை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (மதுரை)

தெற்காவணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தெற்கு ஆவணி மூல வீதியில் சின்ன நகைக்கடை. தங்கம் முக்கால்வாசி, வெள்ளி கால்வாசி. அப்பா தொடங்கிய கடை, இப்போது நான் உட்காருகிறேன். நகை இருப்பில் ஒரு மூக்குத்தித் திருகாணி குறைந்தால்கூட கடை அடைப்பதற்குள் தெரிந்துவிடும். ஆனால் அந்த நகையை வைத்துக் கொடுக்கும் டப்பா எத்தனை இருக்கிறது என்று கேட்டால் கடையில் ஒருவருக்கும் தெரியாது.

மாடியில் ஆரம் டப்பா ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கிறது. மோதிர டப்பா கேட்டால் பையன் கடைவீதிக்கு ஓடி, சில்லறை விலையில் இருபது முப்பது வாங்கி வருகிறான். அதில் கடைப் பெயர் இருக்காது, நிறமும் வேறு. மாப்பிள்ளை மோதிரம் சிவப்பு டப்பாவிலும் பெண் மோதிரம் நீல டப்பாவிலும் போனால், வாங்க வந்த பெரியவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆடி பிறக்கப் போகிறது. கல்யாண வியாபாரம் இருக்காது, கை கொஞ்சம் ஓயும். ஆவணி முகூர்த்தத்துக்குள் இதை ஒழுங்குபடுத்தப் பார்க்கிறேன். டப்பா மட்டுமல்ல, பர்ஸ், சுருக்குப் பை, கைப்பை, ஜிப் கவர், ரிப்பேர் கவர் எல்லாமே. எவ்வளவு வாங்கி வைக்கிறீர்கள்? எங்கே வைக்கிறீர்கள்? காசு வாங்குகிறீர்களா, சும்மா கொடுக்கிறீர்களா?

பழைய பட்டறை

தம்பி, எங்கள் காலத்தில் இந்தப் பாடே கிடையாது. ரோஸ் தாள், கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான். பட்டறையிலிருந்து கடைக்கு வரும்போதும் ரோஸ் தாள், கடையிலிருந்து வீட்டுக்குப் போகும்போதும் ரோஸ் தாள். அந்தத் தாளில் வைத்தால் தங்கம் இன்னும் கொஞ்சம் சிவந்து தெரியும். மடிப்பதிலும் ஒரு கை பழக்கம் உண்டு. சரியாக மடித்தால் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் தோடு விழாது. இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு அது வராது, ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள்.

டப்பா வந்த பிறகு அது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது. அதனால் காசு கேட்காதே. ஐந்து பவுனுக்கு ஆரம் எடுக்கிறவரிடம் டப்பாவுக்குக் கை நீட்டினால் அடுத்த கல்யாணத்துக்கு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஆனால் எல்லாவற்றுக்கும் டப்பா கொடுத்தே ஆக வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? மூக்குத்தி, தாலிக் குண்டு, கால் காசு, இதெல்லாம் ரோஸ் தாளில் மடித்துச் சின்னப் பர்சில் போட்டால் போதும்.

கணக்குப்பிள்ளை

நான் சில நகைக்கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் சொல்வது உங்கள் கடைக் கதை மட்டுமில்லை சார், பாதிக் கடைகளின் கதை. காரணம் எளிது: டப்பா வந்து இறங்கிய அன்றே மொத்தப் பணத்தையும் ‘பேக்கிங் செலவு’ என்று எழுதிவிடுகிறார்கள். எழுதி முடித்ததும் அது கடையை விட்டே போய்விட்டதாக நினைப்பு. செலவான பொருளை யார் எண்ணுவார்கள்? மார்ச் 31 அன்று கையில் மிச்சம் இருக்கும் டப்பாவும் இருப்புதான். அதை முடிவிருப்பில் காட்ட வேண்டும். அதைக் காட்ட ஆரம்பித்தாலே வருஷத்துக்கு ஒரு முறையாவது யாராவது மாடி ஏறுவார்கள்.

நகை பில்லே உங்களுக்கு டப்பா நோட்டு. போன பன்னிரண்டு மாத பில்லை எடுங்கள். எந்த மாதம் மோதிரம் எத்தனை, தோடு எத்தனை, செயின் எத்தனை, ஆரம் எத்தனை என்று பிரியுங்கள். எந்த டப்பா எத்தனை போயிருக்கும் என்று வந்துவிடும். தனியாக யாரும் எழுதி வைக்க வேண்டாம்.

அப்புறம் எப்போது ஆர்டர் கொடுப்பது? உதாரணத்துக்கு, மோதிர டப்பா நாளுக்கு 12 போகிறது, அச்சகம் கொண்டுவந்து தர 20 நாள் ஆகிறது என்று வையுங்கள். அந்த 20 நாளுக்கு 240 வேண்டும். முகூர்த்த நெருக்கடி, அச்சகத் தாமதம் என்று இன்னும் ஒரு 10 நாளுக்குக் கைகாவலாக 120. ஆக, 360க்கு வந்ததும் ஆர்டர் போய்விட வேண்டும். தீர்ந்த பிறகு இல்லை. அடுக்கில் கீழிருந்து 360 எண்ணி அதன்மேல் ஒரு சிவப்பு அட்டையை வைத்துவிடுங்கள். மேலிருந்து எடுத்துக்கொண்டே வரும் பையன் கையில் சிவப்பு அட்டை தட்டுப்பட்டால், அதை உங்கள் மேஜையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். இவ்வளவுதான் அவன் வேலை. இதற்கு மென்பொருள் தேவையில்லை.

தெற்காவணி

சிவப்பு அட்டை யோசனை பிடித்திருக்கிறது. நேற்று ஞாயிறு, கடை விடுமுறை. பையனோடு மாடியில் உட்கார்ந்து எண்ணினோம். மொத்தம் 23 அளவு டப்பா! சில அளவுகளுக்கு இடையே விரல்கடை வித்தியாசம்தான். ஒவ்வொரு முறை டப்பாக்காரர் மாதிரியைக் கொண்டுவந்து காட்டும்போதும் ‘இதுவும் ஒரு ஐந்நூறு இருக்கட்டும்’ என்று சேர்ந்தது.

பில்லையும் பார்த்தேன். பவுன் விலை ஏற ஏற நகையின் எடை இறங்குகிறது. முன்பு எட்டுப் பவுனில் ஆரம் எடுத்த வீட்டில் இப்போது நாலு பவுன், அதுவும் குட்டை ஆரம். பெரிய டப்பாவில் வைத்தால் நகை இன்னும் சின்னதாகத் தெரிகிறது. வாங்குகிறவர்களே ‘சின்ன டப்பாவில் போடுங்க தம்பி’ என்கிறார்கள். அந்தப் பெரிய டப்பாக்கள்தான் மாடியில் நிற்கின்றன.

கொலுசுக்காரி

அண்ணே, நான் திருநகரிலிருந்து வெள்ளியும் கவரிங்கும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். பட்டறை ஐயா சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம், பாதி இல்லை. தங்கம் விற்கிறவர்களுக்கு டப்பாக் காசு பெரிய தொகையில்லை. எனக்கு 300 ரூபாய் ஜிமிக்கிக்கு 40 ரூபாய் டப்பா கொடுத்தால் விலையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அட்டையிலேயே போகிறது. அதனால் சாதாரண ஆர்டருக்கு அட்டையில் குத்திய ஜிமிக்கி, ஜிப் கவர், மேலே ஒரு துணிப் பை. பரிசுக்கு என்று கேட்டால் மட்டும் டப்பா, அதற்குத் தனிக் காசு என்று முதலிலேயே போட்டுவிடுவேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

23 அளவு ரொம்ப அதிகம். என்னிடம் மூன்றுதான். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை மாற்றினால் ஒரே டப்பா மோதிரத்துக்கும் ஆகும், தோடுக்கும் ஆகும், டாலருக்கும் ஆகும். கீறல் போட்ட ஸ்பாஞ்ச் மோதிரத்துக்கு, ஓட்டை போட்டது தோடுக்கு. டப்பாவை வாங்கி அடுக்காதீர்கள், ஸ்பாஞ்சை வாங்கி வையுங்கள். எடையும் இல்லை, இடமும் இல்லை.

சிவகாசி மை

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். அச்சகத்துக்காரன் பக்கத்தையும் கேளுங்கள்.

ஆடி முக்கியம் என்று சொன்னீர்களே, அது எங்களுக்கும் முக்கியம். ஆடி பதினெட்டுக்கு எங்கள் ஊரில் காலண்டர் ஆல்பம், அதாவது அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் தொகுப்பு, வெளிவரும். அதோடு தினசரி, மாதக் காலண்டர் ஆர்டர் குவிய ஆரம்பிக்கும். நடுவில் தீபாவளிப் பட்டாசு டப்பா, லேபிள். அது முடிந்தால் டைரி. மார்கழி வரைக்கும் மெஷின் ஓயாது. அந்த நேரத்தில் ‘ஐந்நூறு மோதிர டப்பா அவசரம்’ என்று மதுரையிலிருந்து போன் வந்தால், மறுக்க மனசு வராமல் ‘சரி’ என்போம். ஆனால் வேலை வரிசையில் கடைசியில்தான் நிற்கும். தை, சித்திரை முகூர்த்தங்களுக்கான டப்பாவையும் சேர்த்து ஆனி, ஆடியிலேயே ஆர்டர் கொடுத்துவிடுகிற கடைகள் நிம்மதியாக இருக்கின்றன. கணக்குப்பிள்ளை சாரின் 20 நாள் கணக்கு வைகாசியில் சரி. ஐப்பசியில் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. டை (அட்டையை டப்பா வடிவத்தில் வெட்டும் அச்சு) வெட்டுவது, பிளேட் போடுவது, ஃபாயில் (மின்னும் தங்க நிறத் தாள்) அடிக்கப் பிளாக் செய்வது, மெஷினை ஏற்றி நிறம் பிடிப்பது, இதெல்லாம் 500க்கும் ஒன்றுதான், 5000க்கும் ஒன்றுதான். அதனால் 2000 அடித்தால் ஒரு டப்பா விலை நன்றாக இறங்கும். அந்த ஆசையில்தான் எல்லோர் மாடியும் நிரம்புகிறது. இறங்கிய விலையைப் பார்க்கிறவர்கள், அந்த 2000 எத்தனை வருஷம் மாடியில் உட்காரும் என்று பார்ப்பதில்லை.

இதற்கு வழி, பெயரையும் டப்பாவையும் பிரிப்பது. ஒரே நிறத்தில் பெயர் போடாத டப்பாவாக வாங்குங்கள். கப்பா அட்டை என்கிற தடித்த அட்டையில் செய்து மேலே தாள் ஒட்டிய கெட்டி டப்பா, எந்தக் காலத்திலும் கிடைக்கிற அளவுகளில். கடைப் பெயரை ஃபாயில் ஸ்டிக்கராகவோ, டப்பாவைச் சுற்றி மாட்டும் தாள் உறையாகவோ தனியாக அடித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் 5000 அடித்தாலும் ஒரு செருப்பு டப்பாவுக்குள் அடங்கிவிடும். எந்த அளவு டப்பா தீர்ந்தாலும் வெளியே வாங்கி அதே ஸ்டிக்கரை ஒட்டினால் உங்கள் டப்பா. சிவப்பு, நீலம் பிரச்சினையும் தீர்ந்தது.

இன்னொன்று. டப்பாவின் மேல் போன் நம்பர், கிளை முகவரி எல்லாம் அடிக்காதீர்கள். பெயரும் ஊரும் போதும். நம்பர் மாறியதால் மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர்க்காரரிடம் போன டப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். முகவரியை உள்ளே வைக்கும் அட்டையில் போடலாம். டை, பிளாக் இரண்டும் நீங்கள் காசு கொடுத்துச் செய்தவை. அச்சகத்தை மாற்றினால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அப்புறம் அந்த அச்சகம் எதற்கு?

பழைய பட்டறை

ஸ்டிக்கர் ஒட்டின டப்பா நகைக்கடை டப்பா மாதிரியா இருக்கும்? மிட்டாய்க் கடை டப்பா மாதிரி இருக்கும்.

சிவகாசி மை

ஐயா, அது ஸ்டிக்கரைப் பொறுத்தது. மினுமினுத் தாளில் அடித்தால் நீங்கள் சொல்வது சரி. கனமான மேட் தாளில் தங்க ஃபாயில் அடித்து, மூடியின் நடுவில் கோணாமல் ஒட்டினால் தெரியாது. ஆரம், கல்யாண செட் டப்பாவுக்கு மட்டும் நேரடியாகப் பெயர் அடித்துக்கொள்ளட்டும். அது குறைவாகத்தான் போகும், பெருமைக்குரிய இடமும் அதுதான்.

உசிலை

நான் வியாபாரி இல்லை, வாங்குகிறவன். ஒரு பக்கம் மட்டும் பேசுகிறீர்களே என்று எழுதுகிறேன். உங்கள் டப்பாவை விட உங்கள் பைதான் எங்களுக்குப் பிரச்சினை. பளபளவென்று தங்க எழுத்தில் கடைப் பெயர் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு பெரியார் பேருந்து நிலையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நிற்கிற ஆளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ‘என்னிடம் நகை இருக்கிறது’ என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. என் வீட்டம்மா டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, காய்கறிப் பைக்குள் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துத்தான் கொண்டுவருவார்.

இன்னொரு சந்தேகம். சேதாரம் சேதாரம் என்று போடுகிறீர்களே, டப்பா, பை, பர்ஸ், காலண்டர் எல்லாம் அதில்தானே அடங்கியிருக்கிறது? அப்புறம் ‘இலவசம்’ என்பது எப்படி?

பழைய பட்டறை

சேதாரம் என்பது உருக்கி, அடித்து, ராவும்போது போகிற பொன்னுக்கு. டப்பாவுக்கு இல்லை தம்பி.

உசிலை

மெஷினில் செய்கிற செயினுக்கும் அதே சதவீதம் போடுகிறீர்களே ஐயா, அதைத்தான் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை

சேதாரச் சண்டைக்குத் தனி இழையே இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் உசிலைக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது: எந்தக் கடையும் டப்பாவைச் சும்மா தருவதில்லை, ஏதோ ஒரு விலைக்குள் அது இருக்கத்தான் செய்யும். அதனால் தேவையில்லாமல் பெரிய டப்பா தருவது வாடிக்கையாளருக்கும் நல்லதில்லை.

பை விஷயத்தில் சட்டமும் அவர் பக்கம்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்கு, எந்தத் தடிமனாக இருந்தாலும், தடை. துணி மாதிரியே தெரியும் நெய்யாத பையும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. ‘இது துணிப் பைதான் சார்’ என்று சொல்லி அதைத் தலையில் கட்டுவார்கள். ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள், ஊடும் பாவும் இல்லை என்றால் அது பிளாஸ்டிக். தீக்குச்சி வைத்தால் உருகும். மொத்தமாக வாங்கி வைத்துவிட்டு அபராதம் கட்ட வேண்டாம்.

தெற்காவணி

உசிலைக்கார அண்ணே, நல்ல வேளை சொன்னீர்கள். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எங்களுக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் பஸ்ஸில்தான் வருகிறார்கள். சின்ன அளவில் மஞ்சப்பை, வெளியே ஒன்றும் இல்லாமல், உள் மடிப்பில் மட்டும் கடைப் பெயர் என்று தைக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கல்யாணக் கூட்டமாகக் காரில் வருகிறவர்களுக்கு மட்டும் கட்டைப் பை. அதை அவர்கள் கேட்டே வாங்குகிறார்கள். வீட்டில் எத்தனை கட்டைப் பை இருந்தாலும் இன்னொன்றுக்கு இடம் இருக்கும்!

இனி வெள்ளிக்கு வருகிறேன். டப்பாவில் வைத்து ஷோகேஸில் அடுக்கிய கொலுசு மழைக்காலத்தில் கறுத்துவிடுகிறது. வெளியே தொங்குகிற கொலுசுகூட அவ்வளவு கறுப்பதில்லை. டப்பாவில் ஏதாவது கோளாறா?

வேதியியல் வாத்தியார்

ஆம், டப்பாவாகவே இருக்கலாம். வெள்ளி கறுப்பது துருப்பிடிப்பது போல ஆக்சிஜனால் வருவதில்லை. காற்றில் மிகக் குறைவாக இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு என்ற கறுப்புப் படலமாகப் படிகின்றன. ஈரம் இருந்தால் இது வேகமாக நடக்கும். மூடிய டப்பாவுக்குள் கந்தகம் விடுகிற பொருள் ஒன்று இருந்துவிட்டால் போகவும் வழியில்லாமல் அங்கேயே சுற்றும். அதனால்தான் வெளியே தொங்குவது தப்பித்துக்கொள்கிறது.

முதல் குற்றவாளி ரப்பர் பேண்ட். ரப்பரைக் கெட்டிப்படுத்தவே கந்தகம் சேர்க்கிறார்கள். ஒரு டஜன் கொலுசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தால், பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும். பருத்தி நூலால் கட்டுங்கள். அடுத்தது சில வகை ஸ்பாஞ்ச், கம்பளி கலந்த துணி, மட்டமான பசை, சாயம்.

எது நல்ல டப்பா, எது கெட்ட டப்பா என்று சோதிக்க முடியும். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1973இல் ஆண்ட்ரூ ஓடி என்ற விஞ்ஞானி ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். காட்சிப் பெட்டிக்குள் எந்தத் துணி, எந்தப் பலகை வைக்கலாம் என்று பார்க்க இன்றும் அருங்காட்சியகங்கள் அதைச் செய்கின்றன. சோதிக்க வேண்டிய பொருளையும் பளபளப்பாக்கிய உலோகத் துண்டையும் கொஞ்சம் தண்ணீரோடு கண்ணாடிக் குப்பிக்குள் மூடி, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஊறுகாய் பாட்டில் ஒன்றில் டப்பாக்காரர் தந்த வெல்வெட், ஸ்பாஞ்ச் துண்டு, நனைத்த பஞ்சு, தேய்த்துச் சுத்தம் செய்த வெள்ளிக் கம்பி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து மூடி மொட்டை மாடி ஷெட்டில் சில வாரம் விடுங்கள். இன்னொரு பாட்டிலில் துணியும் ஸ்பாஞ்சும் இல்லாமல், கம்பியும் நனைத்த பஞ்சும் மட்டும். இரண்டு கம்பியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுரை வெயிலுக்குத் தனியாக அடுப்பு தேவைப்படாது!

மாடியில் வைக்கும் டப்பாவுக்கும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரை ஒட்டி அடுக்கினால் வெல்வெட்டில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து பலகை போட்டு உயர்த்தி வையுங்கள். கறையானுக்கும் அதுதான் முதல் தடை. அந்துருண்டை போடாதீர்கள், வாடை வெல்வெட்டில் ஏறினால் இறங்காது, புது நகையைத் திறக்கும்போது பழைய பீரோ வாடை வரும்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் வெள்ளிக்கு நல்லது. முத்துக்கு வேண்டாம். முத்தில் இயற்கையாகவே கொஞ்சம் ஈரமும் புரதமும் உண்டு. காற்றுப் புகாத கவரில் ஜெல்லோடு மாதக்கணக்கில் வைத்தால் வறண்டு வெடிப்பு விடலாம். முத்து மாலைக்கு மெல்லிய பருத்திப் பை போதும்.

கொலுசுக்காரி

வாத்தியார் சார், ரப்பர் பேண்ட் விஷயம் நூற்றுக்கு நூறு. என்னிடம் வெள்ளி வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வைக்கிறேன்: ‘ரப்பர் பேண்ட் போடாதீர்கள், குளியலறையில் வைக்காதீர்கள்’ என்று. அப்புறம் கறுத்துவிட்டது என்று வரும் புகார் குறைந்துவிட்டது.

வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூரியர்காரர்கள் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எடையையும் பார்த்து, இரண்டில் எது கூடுதலோ அதற்குக் காசு வாங்குவது பல கூரியர்களின் வழக்கம். 20 × 15 × 10 அட்டைப் பெட்டி என்றால் 600 கிராம் கணக்கு. உள்ளே இருப்பது 80 கிராம் கொலுசுதான்! அரைக் கிலோவைத் தாண்டியதால் அடுத்த படிக்குப் போய்விடும். அதையே 18 × 13 × 10 ஆக்கினால் 468 கிராம், அரைக் கிலோவுக்குள் நின்றுவிடும். வெளிப்பெட்டியின் அளவை முதலில் முடிவு செய்து, அதற்குள் அடங்குகிற மாதிரி நகை டப்பாவை வாங்க வேண்டும். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வெளிப்பெட்டியில் கடைப் பெயரில் ‘ஜுவல்லரி’, ‘சில்வர்’ என்று இருந்தால் அதை அச்சிட வேண்டாம். அனுப்புநர் இடத்தில் வெறும் பெயரெழுத்து போதும். தங்கத்தைப் பெரும்பாலான கூரியர்கள் எடுப்பதே இல்லை, அது வேறு வழி. முன்கூட்டியே கவரில் போட்டு விலை ஒட்டி விற்கிற கவரிங் நகைக்குப் பொருளின் பெயர், எண்ணிக்கை, வரியோடு சேர்த்த அதிகபட்ச விலை, பொட்டலம் போட்டவர் பெயர் முகவரி, மாதம் வருஷம், புகார் சொல்ல எண் எல்லாம் ஒட்ட வேண்டும். இதற்கு ஒரு ஸ்டிக்கர் சுருள் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். என் வேலையில் டப்பா தீர்ந்தால் சமாளிக்கலாம், இந்த ஸ்டிக்கரும் பிரவுன் டேப்பும் தீர்ந்தால் அன்றைய ஆர்டர் எல்லாம் நின்றுபோகும்.

நெறியாளர்

இந்த இடத்தில் இருந்த இரண்டு டப்பா விளம்பரங்கள் நீக்கப்பட்டன. விலைப்பட்டியல் வேண்டுமென்றால் தனிமடலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தையல் அக்கா

சுருக்குப் பை பற்றி யாரும் பேசவில்லையே. நான் வில்லாபுரத்தில் சில பெண்களை வைத்துத் தைக்கிறேன். சுங்குடிச் சேலை வெட்டில் மிஞ்சும் துண்டுகளில் நகைக்குச் சுருக்குப் பை தைத்துக் கொடுக்கிறோம். மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு மதுரையிலிருந்து வாங்கியதற்கு அடையாளமாகவும் ஆகும். டப்பாவைப் போல இடத்தை அடைக்காது, ஆயிரம் பை ஒரு சாக்கில் அடங்கும்.

ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். துண்டு என்பதால் ஒரே நிறம், ஒரே வடிவம் என்று ஆயிரம் கேட்டால் கிடைக்காது. கலந்து வாங்குவதாக இருந்தால் மட்டும் வாருங்கள். இரண்டாவது, சாயம். அடர் சிவப்பும் அரக்கும் முதல் தண்ணீரில் கொஞ்சம் விடும். நாங்கள் அலசி, நிழலில் உலர்த்தி, உள்ளே வெள்ளை மல் துணி வைத்துத் தைக்கிறோம். உள்துணி இல்லாமல் மலிவாகத் தருகிறவர்களிடம் வாங்கினால் முத்து, வெள்ளைக் கல் தோடில் சாயம் ஏறிவிடும். அதற்கு அப்புறம் நகைக்கடைக்காரர் எங்களைத்தான் திட்டுவார்.

தெற்காவணி

அக்கா, தனிமடலில் வருகிறேன். கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் சுருக்குப் பைக்கு மாற்றினாலே வெள்ளிப் பக்கத்து டப்பா பாதி போய்விடும்.

இதுவரை முடிவு செய்தது: 23 அளவை 7 ஆக்குகிறேன். மோதிரம், தோடு, டாலருக்கு ஒரே டப்பா, ஸ்பாஞ்ச் மட்டும் வேறு. செயினுக்கு ஒன்று, வளையலுக்கு இரண்டு, நெக்லஸ் ஒன்று, ஆரம் ஒன்று, கல்யாண செட் ஒன்று. மிச்சம் கிடக்கும் பெரிய ஆரம் டப்பாக்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பழைய பட்டறை

பெரிய டப்பாவை வெட்டி எறியாதே. வாடகைக்கு நகை கொடுக்கிற கல்யாண அலங்காரக்காரர்கள், பரதநாட்டிய செட் விற்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய நகை பெரியது, டப்பா பழசா புதுசா என்று பார்க்க மாட்டார்கள். பெயர் தெரியாமல் மேலே ஒரு தாளை ஒட்டிக் கொடு.

இன்னொன்றும் கணக்கில் வை. கணக்குப்பிள்ளை சொன்ன நாளுக்கு 12 என்பதெல்லாம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி போகாது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணத்தன்று ஊரே தாலிச் சரடு மாற்றும். அதற்கு முந்தின வாரம் குண்டு, காசு, லட்சுமி உரு என்று சின்னச் சின்னதாகப் போகும். அட்சய திருதியையிலும் அப்படித்தான். ஒரு கிராம் காசும் மோதிரமும்தான் ஓடும், ஆரம் யாரும் எடுப்பதில்லை. அந்த இரண்டு சமயத்துக்கும் உனக்கு டப்பா வேண்டாம், சின்னப் பர்சும் ரோஸ் தாளும் வேண்டும். தாலி உருப்படியோடு மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுப்பாய் அல்லவா, அதைத் தனிப் பொட்டலமாக வை. டப்பாவுக்குள் குங்குமம் கொட்டினால் வெள்ளை வெல்வெட் போயிற்று.

வேதியியல் வாத்தியார்

பர்ஸ் என்றதும் ஞாபகம் வந்தது. பில்லைப் பர்சின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக் கொடுக்கிறீர்களா? தெர்மல் தாளில் (மையில்லாமல் சூட்டில் எழுத்து விழும் தாள்) அடித்த பில்லாக இருந்தால், பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் பட்டு எழுத்து வெளுத்துவிடும். பத்து வருஷம் கழித்துப் பழைய நகையை மாற்ற வருகிறவர் வெறும் வெள்ளைத் தாளை நீட்டுவார்.

கணக்குப்பிள்ளை

ஆமாம், நகை பில்லைச் சாதாரணத் தாளில் லேசர் பிரிண்டரில் அடித்து, காகித உறையில் போட்டுக் கொடுங்கள். டப்பாவின் மூடிக்குள் ஒரு காகிதப் பை வைத்துத் தரச் சொன்னால் இன்னும் நல்லது. நகையும் அதன் ஹால்மார்க் விவரம் உள்ள பில்லும் ஒரே இடத்தில் இருக்கும். ரிப்பேர் கவர் பற்றி யாரும் எழுதவில்லை. அதற்கு மட்டும் வரிசை எண் அச்சிட்ட கவராக வாங்குங்கள். பாதிச் சீட்டு வாடிக்கையாளரிடம், பாதி கவரில். வாங்கிய எடையை அவர் கண்ணெதிரே கவரின் மேல் எழுதுங்கள். தீர்ந்துவிட்டது என்று வெள்ளைக் கவரில் எழுதிப் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். மற்ற எதில் சிவப்பு அட்டை வைக்காவிட்டாலும் இதில் வையுங்கள்.

தெற்காவணி

சிவகாசிக்காரரே, மூடிக்குள் காகிதப் பையோடு நெக்லஸ், ஆரம், செட் மூன்றும் செய்ய முடியுமா? வரும் புதன்கிழமை அங்கே வரலாம் என்று இருக்கிறேன்.

சிவகாசி மை

தாராளமாக. ஆடி பதினெட்டுக்கு முன்னால் வாருங்கள். வெறும் அளவு எழுதிய சீட்டோடு வராதீர்கள். கடையில் இருக்கும் மிக நீளமான ஆரத்தையும் மிக அகலமான நெக்லஸையும் தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து கொண்டுவாருங்கள். கல்யாண செட்டுக்குள் எத்தனை உருப்படி என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள். நெற்றிச்சுட்டிக்கு இடம் விடவில்லை என்று டை வெட்டிய பிறகு போன் பண்ணினால், நான் எடுக்க மாட்டேன்.